லயத்து வீடும் ஐ.பி. விலாசமும்

(ஹட்டன் நகரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மலைநாட்டில் ஒரு தோட்டத்து லயத்திலே பிறந்து வளர்ந்த பிள்ளை, பரீட்சைக்கோ உத்தியோகத்துக்கோ விண்ணப்பப் பத்திரம் நிரப்பும் பொழுது, பெயரையும் பிறந்த தேதியையும் தயக்கமின்றி எழுதிவிட்டு, விலாசம் என்ற கட்டத்துக்கு வந்தவுடன் பேனாவை நிறுத்திக்கொள்வதை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். தோட்டத்தின் பெயரை எழுதலாம். டிவிஷனின் பெயரை எழுதலாம். தபாற் கந்தோர் டிக்கோயா என்றோ பொகவந்தலாவை என்றோ எழுதலாம். ஆனால் வீட்டிலக்கம், தெருப்பெயர் என்று அச்சிட்டிருக்கும் அந்தக் கோட்டின் மேல் எழுதுவதற்கு நம் மக்களிற் பெரும்பாலோருக்கு நெடுங்காலமாக ஒன்றும் இருந்ததில்லை. கடிதம் தோட்டத்துக் கந்தோருக்கு வரும். அங்கிருந்து யாரேனும் ஒருவர் கையில் லயத்துக்கு வர வேண்டும். நேர்முகப் பரீட்சை நடந்து முடிந்த பின்னர் அதற்கான அழைப்புக் கடிதத்தைப் பெற்றுக்கொண்டவர்கள் இந்தச் சபையிலும் இருக்கக்கூடும்.

விலாசம் இல்லாமையின் துன்பத்தை இவ்வளவு நெருங்கி அறிந்த ஒரு சமூகத்துக்கு, கணினிகள் எவ்வாறு விலாசம் பெறுகின்றன என்ற விஷயத்தை விளக்குவது கடினமன்று என்ற எண்ணத்துடனேயே இன்று உங்கள் முன் நிற்கின்றேன். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கொள்ளைநோயின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த வேளையில், அலைவரிசை கிடைக்கும் மேட்டைத் தேடி நம் பிள்ளைகள் குடையும் கைத்தொலைபேசியுமாக மலையேறினார்கள். அதன் பிறகு பல குடும்பங்கள், தேயிலை மலையில் உழைத்த கூலியிலும் கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ வேலை செய்யும் பிள்ளை அனுப்பிய பணத்திலும் மிச்சம் பிடித்து, ஒரு ரவுட்டரை வாங்கிக் கூரைக்கடியில் ஜன்னலோரமாக வைத்துக்கொண்டன. 10 அடிக்கு 12 அடி என்ற அளவிலே வெள்ளைக்காரர் காலத்திற் கட்டப்பட்ட காம்பராவுக்குள் இப்பொழுது மூன்று கைத்தொலைபேசிகளும், ஒரு மடிக்கணினியும், சில இடங்களில் ஒரு தொலைக்காட்சியும் அந்தச் சிறு பெட்டியை நம்பி இயங்குகின்றன. அப்படியானால் அந்தக் காம்பராவுக்குள் ஒரு வலையமைப்பு இருக்கிறது. வலையமைப்பு இருக்கும் இடத்தில் விலாசம் வழங்கும் பொறுப்பும் இருக்கிறது. அந்தப் பொறுப்பு வீட்டுக்காரருடையது என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

இன்று நாம் உபயோகிக்கும் ஐ.பி. விலாச முறையின் நான்காம் பதிப்பு, ஜோன் போஸ்டல் என்ற அமெரிக்க அறிஞர் பதிப்பாசிரியராக இருந்து 1981 செப்டம்பரில் வெளியிட்ட ஆவணத்தினால் நிலைபெற்றது. 32 இருமக் குறிகளை நான்கு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறையும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணாக எழுதி, இடையிடையே புள்ளி வைத்தால் அதுவே விலாசம், உதாரணமாக 192.168.1.20. இவ்விதமாக எழுதக்கூடிய விலாசங்கள் மொத்தம் 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296. அக்காலத்திலே ஆராய்ச்சி நிலையங்களும் இராணுவமும் மட்டுமே வைத்திருந்த சில நூறு கணினிகளுக்கு அது வற்றாத செல்வமாகத் தோன்றியிருக்க வேண்டும்.

இந்த எண் ஒரே துண்டாக வாசிக்கப்படுவதில்லை. முற்பகுதி எந்த வலையமைப்பு என்பதையும், பிற்பகுதி அந்த வலையமைப்பில் எந்தச் சாதனம் என்பதையும் சொல்கின்றன. எங்கே முற்பகுதி முடிகிறது என்பதை 255.255.255.0 என்பது போன்ற இன்னோர் எண் காட்டுகிறது. நம் வீடுகளில் வழக்கமாக முதல் மூன்று எண்கள் வீட்டுக்கும், கடைசி எண் சாதனத்துக்கும் உரியவை. கடைசி எண்ணில் 0 வலையமைப்பின் பெயராகவும் 255 எல்லோரையும் ஒருங்கே அழைக்கும் குரலாகவும் ஒதுக்கப்பட்டிருப்பதால், மீதமுள்ள 254 விலாசங்களை ஒரு வீட்டில் வழங்கலாம்.

இவ்வாறு இரு பகுதியாக எண்ணிடும் முறையை நம் முன்னோர்கள் கணினிக்கு முன்பே தம் கழுத்தில் அணிந்திருக்கிறார்கள். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் போது, டின் டிக்கெட் என்று வழங்கிய தகர வில்லை ஒன்றை ஒவ்வொருவருக்கும் கொடுத்தார்கள். அதில் தோட்டத்துக்குரிய இலக்கமும் ஆளுக்குரிய இலக்கமும் பொறிக்கப்பட்டிருந்தன. நூலிற் கோத்துக் கழுத்தில் தொங்கவிடப்பட்ட அந்த வில்லையைப் பார்த்தே, எழுத்தறியாத அம்மக்களை இன்ன தோட்டத்துக்கென்று கப்பலிலும் ரயிலிலும் ஏற்றி இறக்கி அனுப்பினார்கள். வழிச் செலவோ தோட்டத்தின் பேரிற் பற்றெழுதப்பட்டு, பின்னர் அந்தத் தொழிலாளியின் கடனாகவே முடிந்தது. வழி காட்டும் ஏற்பாடு என்ற அளவில் அது வெகு நேர்த்தியானது. ஆயினும் அந்த இலக்கத்தைக் கொண்டு யாரும் அந்த மனிதனுக்கு ஒரு கடிதம் எழுத முடியாது. ஆளைத் தோட்டத்திற் கொண்டு சேர்ப்பதோடு அதன் வேலை தீர்ந்தது. விலாசத்தை யார் கொடுக்கிறார்கள், யாருடைய சௌகரியத்துக்காகக் கொடுக்கிறார்கள் என்ற கேள்வியை வீட்டு வலையமைப்பைப் பற்றிப் பேசும் போதும் நான் விடாமற் கேட்பதற்கு இதுவே காரணம்.

உலகத்தில் எந்த வீடும் எவரிடமும் அனுமதி கேளாமல் தன் உள் உபயோகத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று மூன்று தொகுதிகளைத் தனியாக ஒதுக்கி, 1996 பெப்ரவரியில் ஒரு விதி வெளியாயிற்று. 10 என்று தொடங்குவன எல்லாம் ஒரு தொகுதி, 172.16 முதல் 172.31 வரை மற்றொன்று, 192.168 என்று தொடங்குவன மூன்றாவது. நம் வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் இந்த மூன்றாவது தொகுதியிலிருந்தே எடுக்கின்றன. கம்பித் தொடர்புக்குக் கொடுக்கப்படும் ரவுட்டர்கள் பலவற்றில் 192.168.1.1 என்றும், ஹூவாவி நிறுவனத்தின் 4ஜி ரவுட்டர்களில் 192.168.8.1 என்றும் ரவுட்டரின் சொந்த விலாசத்தைக் காண்பீர்கள். தலவாக்கலையில் ஒரு வீட்டிலும் லண்டனில் ஒரு மாளிகையிலும் இதே 192.168.1.1 இருக்கலாம், வெளியுலகத்தில் இந்த எண்களுக்குச் செலாவணி கிடையாதாகையால் ஒன்றோடொன்று மோதுவதில்லை.

இனி, ஒரு கைத்தொலைபேசி வீட்டுக்குள் நுழைந்து விலாசம் பெறும் விதத்தைச் சற்று நின்று பார்ப்போம். மாலையில் மகள் வேலை முடிந்து வந்து இஸ்தோப்பில் கால் வைக்கும் பொழுதே அவள் கையிலிருக்கும் தொலைபேசி வைஃபையோடு இணைகிறது. அதற்கு அந்த நேரத்தில் விலாசம் இல்லை. ஆகவே தன் விலாசம் 0.0.0.0 என்று வைத்துக்கொண்டு, 255.255.255.255 என்று எல்லோருக்கும் கேட்குமாறு, இங்கே விலாசம் தருவார் உண்டா என்று கூப்பிடுகிறது. ரவுட்டருக்குள் இருக்கும் டி.எச்.சி.பி. என்ற ஏற்பாடு தன் பட்டியலைப் பார்த்து, 192.168.1.104 காலியாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறாயா என்று விடை சொல்கிறது. அதையே தருக என்று தொலைபேசி கேட்கிறது. தந்தோம், இத்தனை மணி நேரத்துக்கு இது உனக்கு உரியது என்று ரவுட்டர் உறுதி செய்கிறது. கேட்டலும் கொடுத்தலுமான இந்த நான்கு செய்திகளும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். கொடுக்கப்பட்டது தானமன்று, குத்தகை; குத்தகைக் காலத்தில் பாதி கழிந்தவுடனேயே தொலைபேசி அதைப் புதுப்பித்துக்கொள்ள முயல்கிறது. முதன்முதலில் 1993 இல் வகுக்கப்பட்டு 1997 இல் திருத்தமுற்ற இந்த முறையினால், விலாசம் என்ற ஒன்று இருப்பதையே அறியாமல் கோடிக்கணக்கான மக்கள் இணையத்தை உபயோகிக்கிறார்கள்.

குத்தகை முறை கைத்தொலைபேசிக்குப் போதும். வந்து போகின்ற சாதனத்துக்கு எந்த எண் கிடைத்தாலும் ஒன்றே. ஆனால் மற்றவர்கள் தேடி வர வேண்டிய சாதனத்துக்கு அது போதாது. இந்நகரத்தில் போட்டோப் பிரதி எடுத்துக் கொடுக்கும் கொமினிகேஷன் கடை ஒன்றில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஆடி மாதத்துக் காற்றில் மின்சாரம் போய்ப் போய் வந்தது. வரும் போதெல்லாம் கணினி ஒழுங்காக எழுந்தது, ரவுட்டரும் எழுந்தது, ஆனால் பிரின்டர் மட்டும் அச்சிட மறுத்தது. பிரின்டர் கெட்டுவிட்டதென்று எண்ணி, கடைக்காரத் தம்பி அதைப் பெட்டியிற் கட்டிக் கண்டிக்கு அனுப்ப ஆயத்தமாக இருந்தார். உண்மையில் நடந்தது இதுதான்: மின்சாரம் அற்றவுடன் ரவுட்டர் தன் குத்தகைப் பட்டியலை மறந்துவிட்டது, மறுபடியும் எழுந்த போது யார் முதலிற் கேட்டார்களோ அவர்களுக்கு முதல் எண்ணைக் கொடுத்தது, நேற்று 192.168.1.101 ஆக இருந்த பிரின்டர் இன்று 192.168.1.103 ஆகிவிட்டது, கணினியோ பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளரின் கைத்தொலைபேசி ஒன்று அந்தப் பழைய எண்ணில் இருந்துகொண்டு, தனக்குப் புரியாத அச்சுக் கட்டளைகளை ஏற்க மறுத்துக்கொண்டிருந்தது.

இதற்குப் பரிகாரம் இரண்டு. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டிலே அதன் விலாசமும், பெயரும், கடவுச்சொல்லும் அச்சிடப்பட்டிருக்கும். அந்த விலாசத்தை உலாவியில் இட்டால் நிர்வாகப் பக்கம் திறக்கும். அங்கே டி.எச்.சி.பி. என்ற பகுதியில், குத்தகைக்கு விடும் எண்கள் 100 இலிருந்து 199 வரை என்று வரம்பு கட்டிவிட்டு, அந்த வரம்புக்கு வெளியே, 192.168.1.20 என்பது போன்ற ஓர் எண்ணைப் பிரின்டரின் சொந்தத் திரையிலேயே நிரந்தரமாகப் பதிந்துவிடலாம். அல்லது, ஒவ்வொரு சாதனத்துக்கும் உற்பத்திச் சாலையிலேயே இடப்படும் பன்னிரண்டு எழுத்திலக்கங்களாலான மெக் விலாசத்தை ரவுட்டரிற் குறித்து, இது கேட்டால் எப்பொழுதும் இந்த எண்ணையே கொடு என்று ஒதுக்கீடு செய்யலாம். இரண்டாவது முறையே எனக்கு உவப்பானது. கணக்கு முழுவதும் ஒரே ஏட்டில் இருப்பதால் பின்னர் வருபவர் எளிதிற் படித்தறியலாம். கைத்தொலைபேசிகளுக்கு மட்டும் இது எப்பொழுதும் பலிக்காது. அண்மைக் காலத்துத் தொலைபேசிகள், தம்மை யாரும் பின்தொடராதிருக்கும் பொருட்டு, உண்மையான மெக் விலாசத்தை மறைத்துப் புனைவான ஒன்றையே காட்டுகின்றன.

வரம்பு கட்டாமல் நிரந்தர எண் பதிவதே வீடுகளிற் காணும் பெரும்பாலான குழப்பங்களுக்கு மூலம். அண்ணன் தன் மடிக்கணினியில் 192.168.1.105 என்று தானே எழுதிக்கொள்வான். அதை அறியாத ரவுட்டர் அதே எண்ணைத் தங்கையின் தொலைபேசிக்குக் குத்தகை விடும். இருவருக்கும் இணையம் விட்டு விட்டு வரும். பழி தொலைத்தொடர்பு நிறுவனத்தின் மேல் விழும். சாதனத்தின் விலாசம் 169.254 என்று தொடங்கினால் அது வேறு நோய். கூப்பிட்டுக் கூப்பிட்டு யாரும் விடை தராமையால் சாதனம் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட எண் அது. அப்பொழுது ரவுட்டரையும் கம்பியையும் பார்க்க வேண்டும்.

நம் லயங்களுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு லயத்திற் பக்கத்துப் பக்கத்துக் காம்பராக்களில் உள்ள உறவினர்கள் செலவைப் பகிர்ந்துகொண்டு ஒரே இணைப்பை வைத்திருப்பது நல்ல வழக்கம். தொங்கல் காம்பராவுக்கு வைஃபை எட்டவில்லையென்று அங்கே இரண்டாவது ரவுட்டர் ஒன்றைக் கம்பியால் இணைப்பார்கள், அதுவும் 192.168.1.1 என்ற அதே விலாசத்துடனும் அதே குத்தகைப் பட்டியலுடனும் வந்து நிற்கும். கம்பியை எந்தத் துளையிற் செருகினாலும் கேடுதான். உள்வலைத் துளையிற் செருகினால் ஒரே வலையில் இரண்டு பேர் விலாசம் கொடுக்கத் தொடங்குவார்கள். வெளிவலைத் துளையிற் செருகினால் இரு பக்கமும் ஒரே எண்ணாகி, எது உள்ளே எது வெளியே என்று அந்த ரவுட்டருக்கே தெரியாது போகும். ஆகவே இரண்டாவது ரவுட்டரின் விலாசத்தை 192.168.1.2 என்று மாற்றி, அதன் டி.எச்.சி.பி.யை நிறுத்தி, உள்வலைத் துளையிலேயே கம்பியைச் செருகுங்கள். விலாசம் கொடுப்பவர் ஒருவராகவே இருக்கட்டும். குடும்பங்கள் தனித்தனியாக இருக்க விரும்பினால், வெளிவலைத் துளையிற் செருகி, இரண்டாவதை 192.168.2.1 ஆக்கிவிடுவதே முறை.

வீட்டுக்குள் இவ்வளவு விலாசம் கொடுத்தாலும் வெளியுலகம் அவற்றை அறியாதென்று முன்னரே சொன்னேன். பின் எவ்வாறு நம் பிள்ளை கேட்ட பாடம் நம் பிள்ளைக்கே வந்து சேர்கிறது? 1994 இல் வெளியான ஒரு யோசனையின்படி, ரவுட்டர் தன்னிடமுள்ள ஒரே பொது விலாசத்தை எல்லோர் சார்பிலும் முன்வைத்து, உள்ளேயிருந்து யார் எந்த வாயிலின் வழியே எங்கே கேட்டார்கள் என்பதை ஏட்டிற் குறித்துக்கொண்டு, விடை வந்தவுடன் ஏட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது. நாட் என்று இதைச் சொல்வார்கள். தோட்டத்துக்கெல்லாம் ஒரே விலாசம் எழுதி, கந்தோரில் இறக்கி, அங்கிருந்து ஆளுக்காள் பிரித்துக் கொடுக்கிற தபாலே இது. ரவுட்டர் கடிதத்தை மேசையிற் போட்டு மறப்பதில்லை என்பது மெய். ஆனால் இந்த ஏற்பாட்டின் உள்ளியல்பான ஒரு குறை இரண்டிடத்திலும் ஒன்றே. உள்ளிருப்பவர் முதலிற் கேட்டால் விடை வரும். வெளியிலிருப்பவர் தாமாக முதலில் அழைத்தால், ஏட்டிற் குறிப்பு இல்லாமையால், அந்த அழைப்பு வாயிலோடு நின்றுவிடும்.

இன்று அந்தக் குறை இரட்டிப்பாகியிருக்கிறது. உலகத்தின் மையக் களஞ்சியத்திலிருந்த 429 கோடி விலாசங்களின் கடைசித் தொகுதிகள் 2011 பெப்ரவரி 3 ஆம் தேதி ஐந்து கண்டப் பதிவகங்களுக்கும் பகிரப்பட்டுத் தீர்ந்தன. நம் ஆசியப் பகுதிக்குரிய எப்னிக் என்ற பதிவகம் அவ்வாண்டு ஏப்ரலிலேயே தன் கடைசித் தொகுதியைத் தொட்டு, பங்கீட்டு அளவில் மட்டும் கொடுக்கத் தொடங்கியது. கைத்தொலைபேசியும் இணையமும் மேல்நாடுகளுக்குப் பிந்தி வந்த தேசங்களெல்லாம், தொகுதிகள் தாராளமாக வழங்கப்பட்ட காலத்தைத் தவறவிட்டன. ஆகவே கையடக்க வலை நடத்தும் நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொது விலாசத்தின் பின்னால் நிறுத்துகின்றன. உங்கள் ரவுட்டரின் வெளிவலைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்: அங்கே காட்டும் விலாசம் 10 என்றோ, 100.64 க்கும் 100.127 க்கும் இடைப்பட்டதாகவோ தொடங்கினால், உங்கள் வீட்டுக்கு மேலே இன்னொரு கந்தோர் இருக்கிறதென்று அறியலாம். வீட்டிற் பொருத்திய கமராவைக் கொழும்பிலிருக்கும் மகன் நேராகப் பார்க்க முடியாமல், அந்தப் படம் எங்கோ அயல்நாட்டிலுள்ள உற்பத்தியாளரின் கணினி வழியாகச் சுற்றி வருவதற்கு இதுவும் முக்கியமான காரணம்.

இதற்கு விமோசனம் ஐ.பி.யின் ஆறாம் பதிப்பு. 128 இருமக் குறிகள் கொண்ட அந்த முறையில், ஒரு வீட்டுக்குச் சாதாரணமாகக் கொடுக்கப்படும் ஒரு பகுதிக்குள்ளேயே, பழைய இணையம் முழுவதிலும் இருந்த விலாசங்களைப் போல 429 கோடி மடங்கு விலாசங்கள் அடங்கும். ஒவ்வொரு சாதனமும் தன் பெயரிலேயே உலகத்தோடு பேசலாம். வேண்டாதவரை வாசலில் நிறுத்தும் காவலை ரவுட்டரில் நாமே வைத்துக்கொள்ளலாம். இந்நாட்டின் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அதை வழங்கத் தொடங்கியிருக்கின்றன. பழைய ரவுட்டர்களில் அது அணைக்கப்பட்டுக் கிடந்தால், திறந்துவிடுவதற்கு நிர்வாகப் பக்கத்தில் ஓரிரண்டு அழுத்தங்கள் போதும். நம் மக்களுக்கு அதை நான் விசேஷமாகச் சிபாரிசு செய்கிறேன். பிறர் மூலமாகவே உலகத்தோடு தொடர்புகொள்வது நமக்குப் போதுமென்று யாரும் இனிமேல் எண்ணக் கூடாது.

இந்த நியாயம் தபாலுக்கும் பொருந்துமென்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு காம்பராவுக்குள் இருக்கும் பிரின்டருக்கு நிரந்தர விலாசம் கொடுக்கக் கால் மணி நேரம் போதுமென்றால், அந்தக் காம்பராவில் நான்கு தலைமுறையாக வாழும் குடும்பத்துக்கு வீட்டிலக்கமும் நேரடித் தபாலும் கொடுப்பது ஆகாத காரியமென்று எந்த நிர்வாகமும் சொல்ல முடியாது. 2003 ஆம் ஆண்டின் சட்டம், நம் மக்களிற் பிரஜாவுரிமையின்றி எஞ்சியிருந்தோருக்கு அதை வழங்கியது. பிரஜையின் வாசலுக்குக் கடிதம் வந்து சேர்வது அந்த உரிமையின் மிகச் சாதாரணமான ஓர் அடையாளம். இலக்கம் இல்லாத லயங்களில் உள்ளவர்கள் கிராம உத்தியோகத்தரிடமும் தபால் அதிபரிடமும் எழுத்திலே விண்ணப்பம் கொடுங்கள். பிரதியொன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு முழுத்தாளை எடுத்து, வீட்டிலுள்ள ஒவ்வொரு சாதனத்தின் பெயரையும், மெக் விலாசத்தையும், அதற்கு நீங்கள் கொடுக்கும் எண்ணையும் வரிசையாக எழுதி, ரவுட்டருக்குப் பக்கத்திற் சுவரில் ஒட்டுங்கள். ரவுட்டரின் அடிச்சீட்டில் அச்சிட்டிருக்கும் நிர்வாகக் கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். புதிய சொல்லைச் சுவரில் எழுத வேண்டாம், அம்மாவிடம் சொல்லி வையுங்கள். பக்கத்துக் காம்பராவிலும் இதைச் செய்து கொடுங்கள். ஆசிரியர்கள் இதைத் தகவல் தொழில்நுட்பப் பாடத்தின் செய்முறையாகவே வைத்துக்கொள்ளலாம். ஒரு பழைய ரவுட்டரும் இரண்டு கணினிகளும் இருந்தாற் போதும்.

ஐயமுடையவர்கள் இப்பொழுது கேட்கலாம். ரவுட்டரைக் கையோடு கொண்டு வந்திருப்பவர்கள் முன் வரிசைக்கு வாருங்கள். மின்சாரம் இருக்கும் போதே பார்த்துவிடுவோம்.